இரண்டாவது படத்தைக் கழுவுமுன்

பிரிஞ்சாங் பசார் மலாமில், அந்த இரவுச் சந்தையில், லேகியக்காரர் கண்ணாடிப் பெட்டியின் மேலிருந்த சிவப்புத் துணியை விலக்கியபோது, மென்றுகொண்டிருந்த அவித்த சோளத்தை அப்படியே கையில் துப்பிவிட்டேன். உள்ளே கிடந்தது ஒரு முழத்துக்குச் சற்று அதிகமான நீளம். புகையில் வாட்டிய தோல்போலக் கறுத்துச் சுருங்கிய முகம். வாயைக் கறுப்பு நூலால் தைத்திருந்தார்கள். உரச்சாக்கைத் தைப்பவன் கை அது. ஒரு தையல் நீளம், ஒரு தையல் குட்டை. விரல்களை மடக்கி மார்போடு கட்டி, நெஞ்சுக்குக் கீழே கால்வரை மஞ்சள் துணியைச் சுற்றி, அதன்மேல் பிசினை ஊற்றிக் கல்லாக்கியிருந்தார்கள். பாச்சை உருண்டைகள் நாலைந்து போட்டிருந்தும் நாற்றம் அடங்கவில்லை. மழையில் நனைந்த நெத்திலிச் சாக்கின் நாற்றம்.

"பாருங்க அம்மா, பாருங்க அய்யா. தலைச்சன் பிள்ள. மண்ணு தின்னாத ஒடம்பு. இதக் கும்புட்டுட்டு இந்தத் தைலத்தத் தேச்சா மூட்டு வலி மூணு நாள்ல ஓடிரும். ஓடலன்னா பாட்டிலக் கொண்டாந்து குடுங்க, வாங்கிக்கிறேன். காலிப் பாட்டிலக் கொண்டாராதீங்க."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். குமட்டிக்கொண்டே சிரித்தேன், பார்வையை மட்டும் எடுக்க முடியவில்லை.

அப்போது எனக்கு இருபது வயது. மலேசியாவில் எழுபதுகள் முடிந்துகொண்டிருந்தன. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம் முடித்து, ஈப்போவில் ஆறு மாதம் எக்ஸ்ரே பழகிவிட்டு, தேயிலைத் தோட்டங்கள் நாலைந்து சேர்ந்து நடத்திய ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கச் சேர்ந்திருந்தேன். எடுத்ததெல்லாம் சுவாசப்பை. இருமுகிற கிழவர், இருமுகிற இளைஞர், மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க. அலுத்துப் போயிருந்தேன். ஈப்போ நூலகத்தில் ஒருநாள் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் படித்த கட்டுரை மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. எகிப்தில் பதப்படுத்திய பிணங்களை, சுற்றிய துணியை அவிழ்க்காமலே எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்களாம். துணிக்குள் கோத்த மணிகள் தெரிகின்றன, ஒடிந்து கூடிய எலும்பு தெரிகிறது, வயது தெரிகிறது. நின்றபடியே மூன்று முறை படித்தேன். கேமரன் மலைக்கு எங்கிருந்து அப்படியொன்று வரும் என்று ஏங்கியதும் உண்டு. வந்துவிட்டது, பாச்சை உருண்டையோடு.

என் பக்கத்தில் நின்றிருந்த ஓர் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். எங்கள் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுபவர், எங்கள் வீட்டுக்கு அடுத்த லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருப்பவர். பெட்டியின் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு குனிந்தார். கண்ணாடியில் அவர் மூச்சு பட்டு மங்கியது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இந்தக் காது மடிஞ்சிருக்கு," என்றார்.

லேகியக்காரர் சிரித்த முகம் மாறாமல், "தொடாதீங்கம்மா, உக்கிரமான பிள்ள," என்றார்.

"எம்பிள்ளைக்கும் இடது காது இப்படித்தான் மடிஞ்சிருந்துச்சு."

இதைக் கேட்டதும் எங்கள் தோட்டத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அவருடைய தலைச்சன் ஆண் பிள்ளை நாலு வருஷத்துக்கு முன்னால், முப்பதாம் நாள் சாமி கும்பிட்ட மறுவாரம், மூச்சுத் திணறிச் செத்துப்போனது. தலைச்சன் பிள்ளை செத்தால் பதினாறு நாள் குழிக்குக் காவல் இருப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். தலைச்சன் மண்டையில் மை எடுத்து வைத்துக்கொண்டால் யாரையும் வசியம் பண்ணலாம் என்று மந்திரவாதி தோண்டிக்கொண்டு போவான் என்ற பயம். அதற்காக முறை போட்டு உட்காருவார்கள். ஒன்பதாம் நாள் அக்காவின் வீட்டுக்காரருடைய முறை. அன்று தோட்டத்து மண்டபத்தில் திரைகட்டி சினிமா போட்டார்கள். தூறலும் பிடித்துக்கொண்டது. பாதிவரைக்கும் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று போனவர், முழுப்படத்தையும் பார்த்துவிட்டார். விடிந்து போனால் குழி தோண்டிக் கிடந்தது. சுற்றியிருந்த துணி கிழிந்து மண்ணில் புரண்டிருந்தது. பிள்ளை இல்லை.

காட்டுப்பன்றி என்று சிலர் சொன்னார்கள். மழை எல்லாத் தடத்தையும் கழுவியிருந்ததால் பன்றியை நிரூபிக்க முடியவில்லை. மந்திரவாதியை நிரூபிக்கத் தேவையே இல்லை. அன்றிலிருந்து அந்த அண்ணன் எந்தச் சினிமாவுக்கும் போனதில்லை. படம் போடும் சனிக்கிழமைகளில் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அடுப்படியில் உட்கார்ந்திருப்பார்.

இப்போது அவரும் அந்தக் கூட்டத்தில்தான் முட்டைக்கோசுப் பையோடு நின்றிருந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு லேகியக்காரரின் சட்டையைப் பிடித்தார்.

"எங்கருந்துடா எடுத்த?"

"அய்யோ அண்ணே, நான் சயாம் எல்லையில, கோலோக்ல, ஒரு சீனன்கிட்ட வாங்குனது. அவன் யாருகிட்ட வாங்குனானோ. துணியக்கூட நான் அவுத்ததில்ல, சத்தியமா. உள்ள பிள்ளையா பொம்மையான்னே எனக்குத் தெரியாது."

"பொம்மைதான்லா," என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். "கட்டையில தோல ஒட்டிருப்பான்."

"தோலப் பாத்தா தெரியலயா, மனுசத் தோலு."

"ஒங்கப்பன் தோலு."

துணியை அறுத்துப் பார்ப்போம் என்று ஒருவன் கத்தியை எடுத்தான். அக்கா அவன் கையைத் தட்டிவிட்டார். என் பிள்ளையாக இருந்தால் அதைக் கத்தியால் குத்துவாயா என்று கேட்டார். அப்போதுதான் என் வாய் திறந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை.

"அறுக்க வேணாம்கா. எக்ஸ்ரே எடுத்துப் பாக்கலாம். துணிய அவுக்காமலே உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிரும்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கணத்தில் எனக்குள் எழுந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் அந்தப் பெட்டியைவிட மோசமாக நாறுகிறது. ஒரு தாய் தன் பிள்ளையா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் எத்தனை வினாடி கதிர் கொடுப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஞாயிறு. ஆஸ்பத்திரியில் நோயாளி யாரும் இல்லை. எங்கள் டிரெசர், அதாவது ஆஸ்பத்திரியை நடத்துகிற பெரியவர், முதலில் முடியாது என்றார். அக்கா வராந்தாவில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, பழைய நாளிதழ்க் கட்டு ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"மேசையில நேரா வைக்காத. நாளைக்கு அதுல மனுசன் படுக்கணும். முடிஞ்சதும் டெட்டால் ஊத்தி ரெண்டு தரம் தொடைக்கிற. இன்னொண்ணு, அவசரப்படாத. ஒனக்கு எல்லாத்துலயும் அவசரம்."

லேகியக்காரர் ஓடிப்போகவில்லை. தோட்டத்து ஆட்கள் ராத்திரி முழுக்க அவரை விடவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அவருக்கே பார்க்க ஆசை. பெட்டியைத் தானே தூக்கிவந்து எக்ஸ்ரே அறையில் வைத்தார்.

எடுத்து வெளியே வைத்தேன். எடை அவ்வளவாக இல்லை, ஒரு ஜோடிச் செருப்பின் கனம்தான். கையுறை வழியாகவே தோலின் சொரசொரப்பு தெரிந்தது. தலையைத் திருப்பும்போது கழுத்திலிருந்து பொடி கொட்டியது. பொடியோடு சிறிய கறுப்பு வண்டுகளும் கொட்டின. அவற்றில் இரண்டு மூன்று உயிரோடு, நாளிதழின் எழுத்துகளுக்கு மேலே ஓடின. காதின் மடிப்புக்குள் வண்டுகளின் உரிந்த கூடுகள் நெல்லுமிபோல அடைந்திருந்தன. எனக்கு வாயில் உமிழ்நீர் ஊறியது, வாந்திக்கு முன் ஊறுமே அது. லேகியக்காரர் பக்கத்தில் நின்று, "பயப்படாத தம்பி, கடிக்காது," என்றார்.

குழந்தையின் கைக்குக் கொடுக்கிற அளவு கதிர் வைத்து, மல்லாத்தி ஒரு படம், பக்கவாட்டில் சாய்த்து ஒரு படம் எடுத்தேன். இருட்டறைக்குள் போனேன். எங்களிடம் இருந்தது சின்னத் தொட்டி. ஒரு நேரத்தில் ஒரு படம்தான் கழுவ முடியும். முதலில் மல்லாத்தி எடுத்ததை மருந்தில் இறக்கினேன். சிவப்பு விளக்கில் அது மெல்ல மெல்ல எழும்பி வந்தது. முதலில் வட்டமாக மண்டை. பிறகு சீப்புப் பல்போல விலா எலும்புகள். நடுவில் முதுகெலும்பு. கட்டை இல்லை, பொம்மை இல்லை. நான்கு சுவருக்குள் தனியாக நின்றுகொண்டு, எகிப்துக்கே போய்வந்தவன் மாதிரி சிரித்தேன்.

இரண்டாவது படம் இன்னும் எக்ஸ்ரே உறைக்குள் அப்படியே இருந்தது. அதைக் கழுவ இன்னும் கால்மணி நேரம் ஆகும். கால்மணி நேரம் என்னால் முடியவில்லை.

சட்டத்தில் மாட்டிய ஈரப் படத்தைச் சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன்.

"பாருங்க. பொம்மை இல்ல. இதோ தலை. இதோ நெஞ்சு எலும்பு, இதோ கை, மடக்கி வெச்சிருக்கு பாருங்க. எலும்புதான். சுத்தமா எலும்பு."

பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவன் குரல் அது. அக்கா எழுந்து வந்தார். படத்தில் நெஞ்சு இருந்த இடத்தில் ஒரு விரலை வைத்தார். மருந்துத் தண்ணீர் அவர் விரலில் ஏறி மணிக்கட்டுவரை வழிந்தது.

"இத்தன சின்ன நெஞ்சு," என்றார். பிறகு, "மூச்சு விட முடியலன்னுதான் அழுதான்," என்றார்.

நான் கையை இறக்கவில்லை. அவர் பார்த்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டே நின்றேன். அண்ணன் தூணில் முகத்தைச் சாய்த்துக்கொண்டார். லயத்து ஆட்களில் இரண்டு பேர் லேகியக்காரரை நெருங்கினார்கள். போலீசுக்குப் போகலாம் என்று ஒருவர் சொல்ல, போலீஸ் என்றால் பிள்ளையைக் கீழே எங்கோ கொண்டுபோய்விடுவார்கள், அப்புறம் கண்ணில் காட்டமாட்டார்கள் என்று அக்கா தடுத்துவிட்டார்.

லேகியக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, ஒங்க பிள்ளைய நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு எதுவும் வேணாம்." என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, அந்தப் படத்த மட்டும் எனக்குக் குடுத்துரு."

எதற்கு என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவர் என் கையிலிருந்து சட்டத்தை வாங்கி, படத்தைக் கழற்றி, ஈரத்தோடு நாளிதழில் வைத்துச் சுருட்டிக்கொண்டு, எல்லோர் கண்ணும் பிள்ளையின்மேல் இருந்தபோதே மலை இறங்கும் காய்கறி லோரி ஒன்றைப் பிடித்துப் போயேவிட்டார். அந்தப் படத்தைப் பல மாதம் கழித்து ஒருமுறை பார்த்தேன். கம்போங் ராஜாவில் ஒரு கடைத் தாழ்வாரத்தில் பின்னால் பல்பு எரியவிட்டு மாட்டியிருந்தார். "பெரிய ஆஸ்பத்திரி, பெரிய டாக்டர் எடுத்த படம்" என்று தைலம் விற்றுக்கொண்டிருந்தார். ஒரு விளிம்பில் என் கட்டைவிரல் ரேகை தெளிவாகத் தெரிந்தது.

அன்று எல்லோரும் போன பிறகு இரண்டாவது படத்தைக் கழுவினேன்.

பக்கவாட்டுப் படம் எதையும் மறைக்கவில்லை. தாடை முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. தைத்த வாய்க்குள் பற்கள் வரிசையாக முளைத்திருந்தன, கோரைப்பல் உட்பட. ஒரு மாதப் பிள்ளைக்கு ஏது கோரைப்பல்? மண்டை, முன்பக்கம் பார்த்தபோது வட்டமாகத் தெரிந்தது; பக்கத்தில் பார்த்தால் பின்னோக்கிச் சரிந்து சிறுத்திருந்தது. முதுகெலும்புக்குப் பின்னால் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரு கம்பி, நிமிர்ந்து நிற்பதற்காக; முதல் படத்தில் அது முதுகெலும்போடு ஒன்றாகக் கிடந்ததை என் அவசரத்தில் நான் கவனிக்கவில்லை. இடுப்புக்குக் கீழே, மஞ்சள் துணியின் மடிப்புக்குள், வாலின் முதல் நாலு கணு. ஐந்தாவது கணுவில் வெட்டியிருந்தார்கள். வெட்டு மட்டும் சீராக இருந்தது.

காட்டில் கூட்டம் கூட்டமாகத் திரிகிற கறுங்குரங்கு. லோத்தோங் என்போம். அதன் குட்டி.

டிரெசர் அந்தப் படத்தை வாங்கி ஜன்னலில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டையும் கழுவிட்டு வெளிய வந்திருக்கலாம்."

"ஆமாங்கய்யா."

"சரி, போய்ச் சொல்லு."

"நீங்க வந்து சொன்னா நம்புவாங்க."

"நீ காட்டின படம். நீ சொன்ன பேச்சு. நீ போ."

லயத்துக்கு நான் போனபோது வாசலில் பாய் விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணியில் அதைக் கிடத்தியிருந்தார்கள். அக்கா அதன் நெற்றியில் விபூதி பூசிவிட்டு, காதுக்குப் பின்னால் ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்க வண்டுக் கூடுகள் வெள்ளைத் துணியில் உதிர்ந்தன. அவர் அவற்றைப் பொறுக்கி ஓரமாகப் போட்டார். எனக்கு அந்தக் காட்சியிலிருந்து ஓடிப்போக வேண்டும்போல இருந்தது. அருவருப்பு அந்தப் பொருளின்மேல்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் விரலில் மருந்துத் தண்ணீர் பட்ட இடம் காய்ந்து வெள்ளையாகத் தெரிந்தபோது அப்படி நினைக்க முடியவில்லை.

"அக்கா, இது பிள்ள இல்ல. கொரங்கு." படத்தை நீட்டினேன். பல்லைக் காட்டினேன், வாலைக் காட்டினேன், கம்பியைக் காட்டினேன். இந்த முறை மெதுவாக, ஒவ்வொன்றாக.

அவர் பார்த்தார். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

"மை எடுத்தவன் வேற பல்ல வெச்சுத் தச்சிருப்பான்," என்றார்.

"வாலு இருக்குகா."

"கம்பி சொருகினவன் வால சொருகமாட்டானா?" மறுபடி காதைத் துடைத்தார். "காலையில நீ ஓடியாந்து காட்டுனப்ப ஒம் மூஞ்சில பொய் இல்ல தம்பி. இப்ப என்னயத் தேத்தணும்னு வந்திருக்க. மூஞ்சிலயே தெரியுது. போய்க் குளி."

அண்ணன் என் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் அழைத்துப்போனார். படத்தை வாங்கி வானத்துக்கு நேராகப் பிடித்தார். வால் இருந்த இடத்தில் அவர் கண் நின்றதைப் பார்த்தேன்.

"கொரங்குதான்," என்றார்.

"நீங்க சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா கேப்பாங்க."

"நான் சொல்லி அவ எதக் கேட்டா, நாலு வருசமா?" படத்தைச் சுருட்டி என் சட்டைப் பைக்குள் வைத்தார். "இது கொரங்குன்னா எம்பிள்ளைய பன்னிதான் தின்னுச்சுன்னு ஆவும். நான் படம் பாத்துக்கிட்டு இருந்தப்ப தின்னுச்சு. விடு தம்பி. இந்தத் தடவ பதினாறு நாளும் நான் உக்காருறேன்."

பழைய குழி இருந்த இடத்திலேயே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் சரிவில், அதைப் புதைத்தார்கள். பால் ஊற்றினார்கள். மூன்றாம் நாளே பால் புளித்து மேடு முழுவதும் ஈ மொய்த்தது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கும் வேலைக்கும் அண்ணன் போயாக வேண்டும் என்பதால் பகலுக்கு வேறு ஆள் தேவைப்பட்டது. லயத்தில் யாரும் வரவில்லை. அவர்களுக்குள் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கொரங்குக்குக் காவலா என்று சிரித்துக்கொண்டார்கள். மத்தியானத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை குறைவு. நானே போய், நான் உட்காருகிறேன் என்றேன்.

காலையில் பக்கத்துத் தேயிலையில் கொழுந்து கிள்ளியபடியே அக்கா மேட்டின்மேல் ஒரு கண் வைத்திருப்பார். பதினாறு மத்தியானம் நான் அங்கே உட்கார்ந்தேன். கையில் புத்தகம் கொண்டுபோவேன். ஈ விரட்டத்தான் அது உதவியது. புளித்த பாலும் ஊதுவத்தியும் ஈர மண்ணும் சேர்ந்து ஒரு வாடை. டெட்டால் போட்டு எத்தனை முறை கழுவியும் என் விரல்களில் பாச்சை உருண்டை வாடை போகவில்லை, அல்லது போகவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஒரு குரங்குக் குட்டியின் சவத்துக்கு ஒரு படித்த இளைஞன் காவல் இருக்கிறான் என்று ஒருநாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. ஆறாம் நாளோ ஏழாம் நாளோ தெருநாய் ஒன்று வந்து மேட்டை முகர்ந்து முன்காலால் பறிக்கத் தொடங்கியது. நான் யோசிக்கும் முன்பே என் கை கல்லை எடுத்து எறிந்துவிட்டது. நாய் ஊளையிட்டுக்கொண்டு தேயிலைக்குள் ஓடியது. அதன் இடுப்பில் பட்டிருக்க வேண்டும்.

பதினாறாம் நாள் அக்கா தூக்குச் சட்டியோடு ஏறிவந்தார். என்னை உட்காரச் சொல்லி, மூடியைத் தட்டாக்கி, அதில் சுடுசோறு போட்டு, மேலே நெத்திலிச் சம்பலை ஊற்றினார். ஆவியோடு கண்ணாடிப் பெட்டியின் அந்த வாடை எழுந்து முகத்தில் அடித்தது. மேட்டுக்கும் எனக்கும் நடுவே ஒரு கைதூரம்கூட இல்லை.

"சாப்புடு தம்பி. பதினாறு நாளா ஒனக்குன்னு ஒரு வாய் நான் ஆக்கிப் போடல."

அவர் எதிரில் குந்தி உட்கார்ந்து, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் கவளத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். சின்னச் சின்னத் தலைகள், கண்ணோடு, பல்லில் அரைபட்டன. அடுத்த கவளம். அதற்கு அடுத்தது. ஒரு கட்டத்தில் அவர் இன்னும் ஒரு கரண்டி போட்டார். வேண்டாம் என்று கையை மறிக்கவில்லை.

"ஒண்ணும் வந்து தோண்டலயே?"

"இல்லகா."

"ராத்திரியில அவரு, பகல்ல நீ. இந்தத் தடவ பிள்ளைய நல்லா பாத்துக்கிட்டீங்க," என்றார். நாலு வருஷத்தில் அவர் தன் வீட்டுக்காரரைச் சேர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல்.

"பாத்துக்கிட்டோம்கா," என்றேன். தட்டில் இரண்டு நெத்திலி மிச்சமிருந்தன. அவற்றையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.